மருந்துக்கடை விகாரையில் ஆறாத சோறு

அந்தக் குளிர்காலத்தை எங்கள் கட்டடத்தில் ஆளுக்கொரு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். வாசலைக் கூட்டுகிற போர்த்துக்கீசப் பெண்ணுக்கு அது கொதிகலன் பழுதான குளிர்காலம், மூன்றாம் மாடியிலிருந்த மாலி நாட்டுக்காரருக்கு அவருடைய கடைசி மகள் நடக்கத் தொடங்கிய குளிர்காலம், எனக்கு அது ஒரு சோற்று உருண்டை புரட்டாதியிலிருந்து வைகாசி வரை ஆறாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்த குளிர்காலம். நடந்தது அதுதான். மற்றவை அதன் பக்கத்தில் நடந்தவை.

பாரிசுக்குக் கிழக்கே, ரயில் கடைசியாக நின்று திரும்பிப் போகிற புறநகரில், எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் முன்பு ஒரு மருந்துக்கடை இருந்தது. மருந்துக்கடைக்காரர் ஓய்வு பெற்றுக் கடலோரம் போனபின் அந்த இடத்தைக் கம்போடியர்கள் வாடகைக்கு எடுத்து விகாரையாக்கினார்கள். வாசலில் இருந்த பச்சைச் சிலுவையைக் கழற்ற அனுமதி கிடைக்காததால் அது ஒளிராமல் அப்படியே தொங்கியது. மருந்து கொடுக்கும் மேசை இருந்த இடத்தில் புத்தர் அமர்ந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க இருந்த சின்ன இழுப்பறைகளில், இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் மாறாமல், ஊதுபத்தியும் மெழுகுதிரியும் நூற்பந்தும் குடியேறின. அவர்கள் அதற்கு வைத்த பெயர் நீளமானது. நாங்கள் தமிழர்கள் மருந்துக்கடை விகாரை என்றோம், பிறகு அவர்களும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள்.

அங்கே எனக்குப் பழக்கமானவள் தாவி. ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நானும் அவளும் ஒரே படுக்கை விரிப்பின் இரண்டு பக்கங்களைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் போய், இப்படியே எங்கள் நடுவயதை மடித்து அடுக்கினோம். எங்களுக்குள் இருந்த மொழி ஆஸ்பத்திரிப் பிரெஞ்சு. ஈரம், காய்ந்தது, கிழிந்தது, நாளைக்கு என்பவைதான் அதில் நிறைய. அவளும் அவளுடைய ஆட்களும் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் என் தமிழில் எழுதுகிறேன். பத்திரத்தின்படி அவள் எனக்கு மூத்தவள், ஆகவே நான் அவளை அக்கா என்றேன், அவள் என்னை நாகேஸ் என்றாள். அவர்களுடைய வழக்கத்தில் மூத்தவரைப் போங் என்றும் இளையவரை ஓன் என்றும் அழைக்காமல் ஒரு பேச்சும் தொடங்காது. விகாரையில் பாதிப் பேருக்கு அவள் போங் தாவி. பாயில் முன்வரிசை அவளுக்கு, மீனின் தலைப்பக்கம் அவளுக்கு.

எங்கள் மாளயத்தைப்போல அவர்களுக்கும் புரட்டாதியில் செத்தவர்களுக்கென்று பதினைந்து நாட்கள் உண்டு. அந்த நாட்களில் செத்தவர்கள் பசியோடு வெளியே வருவார்கள், வெளிச்சத்துக்குப் பயந்தபடி விகாரை விகாரையாகப் போய்த் தங்கள் ஆட்கள் சோறு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள், எங்கும் கிடைக்காவிட்டால் அழுதுகொண்டு திரும்புவார்கள் என்பது நம்பிக்கை. அதனால் விடியுமுன்பே பசைச்சோற்றில் எள்ளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து உருட்டி, ஒவ்வோர் உருண்டைக்கும் ஒரு பெயரைச் சொல்லி, வா, வந்து சாப்பிடு என்று கூப்பிட்டு வைப்பார்கள். கூப்பிடப்பட்டவர் வந்து சாப்பிட்டால் உருண்டை ஆறிவிடும். ஊரில் நிலத்தில் எறிவது வழக்கமாம். இங்கே எலி வரும் என்று நகரசபை மறித்ததால் பின்படியில் தட்டுகளில் வைத்தார்கள்.

தாவியின் குடும்பத்துக்கு எப்போதும் உருண்டை வைத்தவள், அவளை இந்த நாட்டுக்கு எடுத்த மாமாவின் மனைவி. அந்த வருடம் மாமி காலமானாள், தட்டு தாவியின் கைக்கு வந்தது. நான் தேங்காய்ப்பால் பிழிந்து கொடுக்கப் போயிருந்தேன். தகப்பன், தாய், அண்ணன்மார், மாமா, மாமி என்று பெயர் சொல்லிச் சொல்லி வைத்தாள். கொலாப் என்று ஒரு தங்கைக்கு மாமி வருடாவருடம் வைப்பாள். அதை இவள் வைக்கவில்லை, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். கடைசியில் இன்னோர் உருண்டையை உருட்டி நீல விளிம்புத் தட்டில் தனியாக வைத்தாள். அப்போது அவள் வாய் அசையவில்லை.

விடிந்தபோது எல்லா உருண்டைகளும் கல்லாய்க் குளிர்ந்து புறாக்களுக்காகக் காத்திருந்தன. நீலத் தட்டில் இருந்தது மட்டும் இப்போதுதான் இறக்கிய பானைபோல ஆவி விட்டது.

"ஆரோ மைக்ரோவேவில வைச்சு எடுத்திருக்கினம்," என்றார் ரித்தி. அவர் விகாரையின் தலைவர், டாக்சி ஓட்டி ஓய்ந்தவர், எதற்கும் பின்கண்ணாடி பார்ப்பதுபோல ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"நாள் முழுக்கவோ?" என்று யாரோ கேட்டார்கள், ஏனென்றால் அதற்குள் பின்னேரமாகி இருந்தது.

பெரிய பிக்குவுக்குச் சர்க்கரை வியாதி, கால் வீக்கம். அவர் மெல்ல வந்து குனிந்து பார்த்தார். "ஆரோ வரவேணும், இன்னும் வரேல்லை," என்றார். "உள்ளுக்கை எடுத்து வையுங்கோ. திரைச்சீலைக்குக் கிட்ட வைக்காதேங்கோ." அதற்குமேல் அவர் அதைப் பற்றி வெகுகாலம் எதுவும் சொல்லவில்லை.

பதினைந்து நாட்களும் முடிந்தன, உருண்டை ஆறவில்லை. இலை உதிர்ந்தது, ஆறவில்லை. கார்களின் கண்ணாடியில் பனி பிடித்தது, கொதிகலன் நின்றது, கட்டடத்தின் பொறுப்பாளர்கள் நாளைக்கு நாளைக்கு என்றார்கள், ஆறவில்லை. அதன்பின் மருந்துக்கடை விகாரையில்தான் கட்டடம் முழுவதும் வாழ்ந்தது என்று சொல்லலாம். போர்த்துக்கீசப் பெண் தன் காலுறைகளைத் தட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் காயப்போட்டாள், சிலுவைக்குறி போட்டுவிட்டுத்தான் போட்டாள். மாலிக்காரர் பாற்புட்டியைச் சூடாக்க மகளைத் தூக்கிவந்து, இந்த வெதுவெதுப்பில்தான் அவளை முதன்முதலாகக் கீழே இறக்கி நடக்கவிட்டார். நாங்கள் முழங்கால் நோவுக்காரர் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தோம். தீயணைப்புப் பரிசோதகர் வந்து சூட்டுக்கு மூலம் எது என்று கேட்டார்.

"சோறு," என்றார் ரித்தி.

பரிசோதகர் நெடுநேரம் யோசித்து மின்சாரம் என்று எழுதினார், பக்கத்தில் ஒரு தீயணைப்பான் வைக்கச் சொன்னார், அடுத்த கிழமை தன் தாயை முழங்கால் நோவோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

தாவி மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. அவள் பின்கட்டுச் சமையலறையில் உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள், விகாரைக்குத் தேவையான அளவைத் தாண்டி உரித்தாள்.

"அக்கா, அங்கை வந்து சூடாய் இருங்கோவன்," என்றேன்.

"அது ஆருக்கு வைச்சதெண்டு எனக்குத் தெரியும் நாகேஸ்," என்றாள்.

அன்று பின்னேரம், உள்ளித்தோலைக் கையால் குவித்துக்கொண்டே, எனக்கு அதைச் சொன்னாள். எல்லையில் அகதி முகாமில் இருந்தபோது மாமா அனுப்பிய ஸ்பொன்சர் பத்திரம் மூத்த மருமகள் தாவியின் பெயருக்கு வந்தது. சின்னவள் பிறந்ததே அவருக்குத் தெரியாது. மூத்தவள் அதற்கு முன்பே இறந்துவிட்டாள். முகாமில் பெயர் கூப்பிட்டபோது சின்னவள் எழும்பி நின்றாள். விமானத்தில் ஏறியவள், மாமா வீட்டில் இறங்கியவள், கலியாணம் கட்டியவள், பிள்ளை பெற்றவள், என்னோடு விரிப்பு மடித்தவள், எல்லோரும் அந்தச் சின்னவள் கொலாப்தான். மாமி ஒருநாள், உனக்குக் கூடப் பிறந்தது வேறு ஆரும் இருந்ததோ என்று கேட்டாளாம். இருந்தவள், தங்கச்சி, கொலாப் எண்டு பெயர், செத்துப்போனாள் என்று இவள் சொன்னாளாம். மாமி நல்லவள். அந்த வருடத்திலிருந்து கொலாப்புக்கும் ஓர் உருண்டை வைத்தாள்.

"அதாலைதான் அந்தப் பதினைஞ்சு நாளும் உங்களுக்குப் பசிக்கிறேல்லையோ?" என்று கேட்டேன். ஒவ்வொரு புரட்டாதியிலும் அவள் தன் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே என்னிடம் தள்ளிவிடுவாள். வயிறு நிறைஞ்சுபோய்க் கிடக்கு என்பாள்.

"ஓம். எனக்கு வைச்ச சோறு எனக்கு வந்தது. அவளுக்கு இத்தனை வருஷமாய் ஆரும் வைக்கேல்லை. தாவி உயிரோடை இருக்கிறாள், அவளுக்கேன் சோறு?"

"அப்ப பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. வந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும்."

"கூப்பிட்டுப் பாத்தன். தாவி எண்டு கூப்பிட்டால் நான்தானே திரும்பிப் பாக்கிறன். பெயர் என்னட்டையெல்லோ இருக்கு." உள்ளிப் பல்லொன்றை நகத்தால் கீறினாள். "பெயரைக் குடுத்தால் பிறகு நான் ஆர்? கொலாப் எண்டவள் பதினெட்டு வயசிலை செத்தவள். அவளுக்கு ஒண்டும் தெரியாது. ரயில் ஏறக்கூடத் தெரியாது."

 ஈரமான விரிப்பைப்போல அவள் சொன்னது கனமாக இருந்தது, என் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இதற்கிடையில் முன்மண்டபத்தில் மற்றவர்கள் தங்கள் பாட்டில் தேடத் தொடங்கியிருந்தார்கள். யாரோ ஒருவருடைய ஆள் வரவேண்டும் என்றால் அது ஏன் என் ஆளாக இருக்கக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியது. ஏனென்றால் கறுப்புச் சட்டைக்காரர்கள் கம்போடியாவைப் பிடித்து எல்லோரையும் வயலுக்கும் வாய்க்காலுக்கும் ஓட்டிய காலத்தில் செத்தவர்களில் எரித்தவர்கள் சிலர், புதைத்தவர்கள் சிலர், எங்கே போனார்கள் என்று தெரியாதவர்கள்தான் மிச்சம் எல்லோரும். முதலில் ரித்தி தட்டின் முன்னால் உட்கார்ந்து தம்பியின் பெயரைச் சொன்னார். ஆவி குறையவில்லை. தம்பிக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, அவனும் தானும் மழைக்காலத்தில் தவளை பிடிக்கப் போவதையும், அவன் தவளைபோலக் கத்தித் தவளையை வரவழைப்பதையும் சொன்னார், பிறகு அந்த ஒலியையே எழுப்பிக் காட்டினார். மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழும்பி வெளியே போய்ச் சிலுவைக்குக் கீழே நின்றார்.

அதற்குப் பின் ஒருவர் மாறி ஒருவர் வந்தார்கள். சந்தையில் ஸ்பிரிங் ரோல் விற்கிற பெண், கறுப்புச் சட்டைக்காரர்கள் வயலில் வரிசையாக நிறுத்தி இவனுக்கு இவள் என்று தனக்குக் கட்டிவைத்த ஒருவனைக் கூப்பிட வந்தாள். அவனுடைய பெயர் அவளுக்குத் தெரியாது. நெற்றியிலை வெட்டுக்காயம் இருந்தவரே, என்ரை பங்குக் கஞ்சியிலை மீன் துண்டு போட்டவரே, வாங்கோ, என்றாள். கார்த் தொழிற்சாலையில் காலமெல்லாம் பக்கக்கண்ணாடி பூட்டிய ஒருவர், தான் முன்பு கலியாண வீட்டு மேளக்கூட்டத்தில் பாடியவர் என்பதை மனைவிக்கும் சொல்லாமல் வைத்திருந்தவர், கூட்டாளிகளின் பெயரைச் சொல்ல வாய் வராமல், மணப்பெண்ணுக்கு முடி வெட்டுகிற சடங்கின் பாட்டைத் தொடங்கி, தொண்டை கரகரக்க, நிறுத்திய இடங்களில் மேளம் அடிக்கவேண்டிய நேரத்தை விட்டுவிட்டு, முடிவு வரைக்கும் பாடினார். அவர் மனைவி, "உந்த மனுசனோடையோ நான் இவ்வளவு காலம் இருந்தனான்," என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

சொரியா இதையெல்லாம் ஒலிப்பதிவு செய்தாள். அவள் இங்கே பிறந்தவள், பள்ளிக்கூட ஆசிரியை. பல வருடமாக வீடுவீடாகக் கருவியைக் கொண்டுபோய்ப் பெரியவர்களின் நினைவுகளைக் கேட்டவள். அவர்கள் அவளுக்குத் தேநீர் தருவார்கள், கஷ்டந்தான் பிள்ளை, எல்லாருக்கும் கஷ்டந்தான் என்பார்கள், எப்போது கலியாணம் என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். இப்போது அவளுக்குச் சாப்பிட நேரமில்லை. கருவியின் சின்னச் சிவப்பு விளக்கு தட்டின் பக்கத்தில் எரிந்துகொண்டே இருந்தது.

எங்கள் ஆட்களும் வந்தார்கள். இரண்டாம் மாடிக் குலம் அண்ணை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்று, "எங்கடை ஆக்களுக்கும் ஒருக்காக் கூப்பிட்டுப் பாக்கலாமோ?" என்று கேட்டார்.

"பசிக்கு எந்த நாடு? இருந்து கூப்பிடுங்கோ," என்றார் ரித்தி.

குலம் அண்ணை கூப்பிட்டார். வேறு சிலரும் கூப்பிட்டார்கள். நானும் ஒரு பெயர் சொன்னேன். ஆறவில்லை.

மாசி வந்தது. கொதிகலனைத் திருத்தினார்கள், ஆனால் ஆட்கள் வருவது நிற்கவில்லை. எல்லாப் பெயர்களையும் சொல்லி முடித்தவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள், சொன்ன கதையையே சொன்னார்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடச் சொன்னார்கள், வீட்டுக்குப் போய் ஆடையை மாற்றாமலே கட்டிலில் விழுந்தார்கள். ரித்தியின் குரல் அடைத்துவிட்டது. பெரிய பிக்கு இருந்த இடத்திலேயே தூங்கினார். எல்லோரும் களைத்திருந்தார்கள், ஆனால் யாரும் அது ஆறவேண்டும் என்று விரும்பவில்லை. விரும்பாததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. தாவி மெலிந்துகொண்டே போனாள். கரண்டியை வாய்வரை கொண்டுபோவாள், திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

ஒருநாள் சொரியா சமையலறைக்கு வந்து அவளுக்கு முன்னால் கருவியை வைத்தாள்.

"தாவி அன்ரி, நீங்கள் மட்டுந்தான் மிச்சம். ஒருக்கா வந்து கூப்பிடுங்கோவன்."

"கூப்பிட்டால் ஆறிப்போகும் பிள்ளை."

சொரியா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கெட்டிக்காரி, விளங்கிக்கொண்டாள். கையை நீட்டிக் கருவியை நிறுத்தினாள்.

"அப்ப இப்ப வேண்டாம்," என்றாள் மெதுவாக. "கொஞ்சம் பொறுங்கோ அன்ரி. சித்திரை வருஷப்பிறப்பு முடியட்டும். இது ஆறினால் அவை வரமாட்டினம். திரும்ப வாயை மூடிப்போடுவினம். இன்னும் எவ்வளவோ இருக்கு."

தாவிக்கு அது வசதியாக இருந்திருக்கவேண்டும். பொறுத்துக்கொள்ளும்படி ஒருவர் கேட்டுவிட்டார், இனி அது அவளுடைய குற்றம் அல்ல. ஆனால் அவள் தலையை ஆட்டவில்லை. உரித்த உள்ளி நிறைந்த சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கேக்கிற கதைக்கு அவள் பட்டினி கிடக்கிறாள்," என்றாள்.

சித்திரையில் அவர்களுக்கும் எங்களுக்கும் வருஷம் ஏறத்தாழ ஒன்றாகத்தான் பிறக்கிறது. அன்று காலை மண்டபம் நிறைந்திருந்தது, பூக்கள் இருந்தன, ஜன்னல்கள் திறந்திருந்தன, வெயிலில் அந்த ஆவி மெல்லிய நூலாகத் தெரிந்தது. தாவி பின்கட்டிலிருந்து வந்தாள். முன்வரிசையில் அவளுக்கென்று விட்டிருந்த இடத்தில் உட்காராமல், கடைசியில், பிள்ளைகள் இருக்கிற பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ரை பெயர் கொலாப்," என்றாள்.

பிறகு எனக்குச் சொன்னதையும் சொல்லாததையும் சொன்னாள். சொல்லாதது இது. வாய்க்கால் வெட்டுகிற இடத்தில், மார்கழிப் பனிக்காலத்தில், அக்கா எப்படியோ ஒரு பிடி அரிசி எடுத்து, பழைய தகரப் பால் ரின்னில் போட்டு, வரம்புக்குப் பின்னால் வைத்து அவித்தாள். கஞ்சி இல்லை, சோறு. இறக்குகிற நேரம் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா ரின்னை மண்ணில் புதைத்து, சோற்றைக் கட்டம்போட்ட சால்வையில் கொட்டி முடிந்து, சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். காவல்காரன் வந்து என்னென்னவோ கேட்டான், அக்கா முகம் சுளிக்காமல் பதில் சொன்னாள், அவன் போனான். இவள் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, ஆறட்டும், ரெண்டு பேரும் சாப்பிடுவம் என்றாள். உடனே கூட்டத்துக்கு மணி அடித்தது. வெளியில் குளிர். வரிசையில் நின்றபோது அக்காவின் சட்டையிலிருந்து ஆவி எழும்பியது. முன்னால் நின்றவர்களும் பார்த்தார்கள், காவல்காரனும் பார்த்தான்.

"அக்காவைக் கூட்டிக்கொண்டு போனவங்கள்," என்றாள். "நான் அவளைத் தெரியாத மாதிரி நிண்டன். அவளும் என்னைத் தெரியாத மாதிரித்தான் போனாள்."

 அவள் எழும்பித் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, கைகளைக் குவித்து, "போங் தாவி," என்றாள், "உங்கடை பெயரை எடுத்தது நான். இந்தாங்கோ. வந்து சாப்பிடுங்கோ."

ஆவி குறைந்தது. எல்லோரும் பார்த்தோம். நூல் அறுவதுபோல மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போகிற மாதிரி இருந்தது. ரித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த பரிவோடு, அடைத்த குரலில் சொன்னார்:

"போங் தாவி, நீங்கள் எழும்பி வந்து கொஞ்சம் தண்ணி குடியுங்கோ."

இவள் திரும்பிப் பார்த்தாள். உருண்டை குப்பென்று ஆவி விட்டது.

பெரிய பிக்கு கண்ணைத் திறந்தார். "தலைவர்," என்றார், "வந்த மனுசியை வாசலிலை வைச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டீர்."

அன்றைக்கே நூல் கட்டினார்கள். ஒரு மனிதருக்குள் பத்தொன்பது உயிர்கள் இருக்கின்றன, பயத்திலோ நோயிலோ அவை ஆளை விட்டு அலையப் போய்விடும், பெயர் சொல்லிக் கூப்பிட்டு மணிக்கட்டில் நூல் கட்டினால் திரும்பி வரும் என்பது அவர்கள் முறை. வயிற்றுவலி இழுப்பறையிலிருந்து நூற்பந்தை எடுத்து, கொலாப், வா, கொலாப், வீட்டுக்கு வா என்று ஒவ்வொருவரும் சொல்லிக் கட்டினார்கள். நானும் கட்டினேன். பத்திரங்களை என்ன செய்வது, பென்சன் என்னாகும் என்று ரித்தி பிக்குவின் காதில் கேட்டார்.

"செத்தவை பென்சன் கடிதம் வாசிக்கிறேல்லை. அது கிடக்கட்டும். வாயாலை கூப்பிடுறதை மாத்துங்கோ."

அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது, போங் என்பதை ஓன் என்று மாற்றவேண்டும். கணக்குப் பார்த்தால் மண்டபத்தில் பலர் அவளுக்கு மூத்தவர்கள், நானுந்தான். வயதில் சிறியவளுக்கு முன்வரிசையையும் மீன்தலையையும் கொடுத்துக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். ஸ்பிரிங் ரோல் விற்கிறவள், "என்னைவிட இளையவளெண்டு தெரிஞ்சிருந்தால் அந்த மீன்தலையெல்லாம் நான் திண்டிருப்பன்," என்றாள். கொலாப் அன்றிலிருந்து மீன்வாலைச் சாப்பிட்டாள். ஆட்கள் வாசலில் நின்று ஓன் கொலாப், ஓன் கொலாப் என்று சொல்லிப் பழகிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மனனம் சரியாக இருக்கும், வாய் பிசகும். கறிவேப்பிலை வேண்டுமா என்று மாடியிலிருந்து குலம் அண்ணை தாவியக்கா என்று கத்துவார், உள்ளே உருண்டை கொதிக்கும். பிசகியவர் அன்றைய பானைகளைக் கழுவவேண்டும் என்று வைத்தார்கள். ரித்தி பல நாட்கள் பானை கழுவினார். சலவைக்கூடத்துப் பழக்கத்தில் அக்கா என்று கூப்பிட்டு நானும் கழுவினேன்.

கொலாப்புக்கும் அது இலகுவாக இல்லை. கொலாப் என்று கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள். இரண்டாம் முறை கூப்பிட்டால் யாரையோ தேடுவாள். பிறகுதான் நினைவு வந்து, களைத்த முகத்தோடு, ஓம் என்பாள். ரயில் நிலையத்தில் ஒருநாள், எந்தப் பக்கம் ஏறுவது என்று என்னைக் கேட்டாள். கேலிக்குக் கேட்டாளா உண்மையாகக் கேட்டாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கையைப் பிடித்து ஏற்றினேன்.

சொரியா நினைத்ததுபோலச் சிலர் வருவதைக் குறைத்தார்கள். சிலர் வந்தார்கள். பாட்டுக்காரர் கிழமைக்கொரு பாட்டு என்று வந்தார், மனைவி மேளத்தின் இடத்தில் மேசையைத் தட்டினாள். சொரியா தட்டின் பக்கத்தை விட்டுச் சமையலறைக்குக் கருவியை மாற்றிக்கொண்டாள். கொலாப் உள்ளி உரித்துக்கொண்டு அக்காவைப் பற்றிச் சொன்னாள்: எப்படி நடப்பாள், எதற்குக் கோபிப்பாள், எந்தப் பக்கம் தலை வாருவாள். தாவி என்ற பெயரை அவள் இப்போது இன்னொருத்தியின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வைகாசியில் ஒரு காலை, மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ரித்தி, திரும்பிப் பார்க்காமலே, "ஓன் கொலாப், அந்தக் குப்பைவாளியை இஞ்சாலை தள்ளு," என்றார். கொலாப் முதல் கூப்பாட்டிலேயே திரும்பினாள். வாளியைத் தள்ளினாள். இரண்டு பேரும் தங்கள் வேலையைப் பார்த்தார்கள், எதையும் கவனிக்கவில்லை. தட்டைக் கவனித்தது நான்தான். அதன்மேல் வெறும் காற்று இருந்தது.

நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது.

செத்தவர்களுக்கு வைத்ததை உயிரோடிருப்பவர்கள் சாப்பிடும் வழக்கம் அவர்களிடம் இல்லை, எங்களிடமும் இல்லை. கொலாப் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பின்படியில் உட்கார்ந்தாள். பெரிய பிக்கு அந்தப் பக்கமாக வந்தார், பார்த்தார், தன் வீங்கிய காலைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவள் உருண்டையை இரண்டாகப் பிட்டாள். பெரிய பாதியைப் படியில் வைத்தாள். மற்றப் பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல்லில்லாதவள்போல, வெகுநேரம் மென்றாள். புறாக்கள் வந்து நின்றன, கிட்ட வரவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விழுங்கி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா," என்றாள், "உப்புக் காணாது."